முற்றுகையின் முதல் பாகம்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சானுக்கு,

மாடி வீட்டில் இந்த நிமிடம் வரை குடியிருக்கும் உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே யாரும் சுகமில்லை, ஆகையால் நலம் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

கோடை விடுமுறையில் படிக்க ரசமான சரித்திரப் புத்தகங்களாக நாலைந்து சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். போன வருடமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். வெயிலுக்கு, பனிக்கடலில் சிக்கிய கப்பலின் வரலாறு. பாதி படிப்பதற்குள் போர்வையைத் தேடுவீர்கள். பசி மந்தத்துக்கு, அரண்மனைச் சமையலறைகளைப் பற்றி ஒன்று. தூக்கம் வராதவர்களுக்கு உப்பு வரி நிர்வாகம். அதை எழுதியவரே முன்னுரையில் கொட்டாவி விட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். இப்போது ஒன்றும் சொல்வதாக இல்லை. பேசாமல் சீட்டாடுங்கள். போன கோடையில் என்னிடம் வாங்கிப் போன புத்தகங்களையும் திருப்பித் தர வேண்டாம், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். இனி இந்த வீட்டுக்குள் சரித்திரம் காலெடுத்து வைக்கக் கூடாது.

எல்லாம் கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மாவால் வந்தது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அம்மாள். மகள் வெளியூரிலிருந்து வந்துவிடப் போகிறாள், மாடியைக் காலி செய்து கொடுங்கள் என்று ஒரு வருடமாகக் கெஞ்சிக் கேட்டார். நானும் "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று சிரித்தே காலத்தை ஓட்டினேன். இப்படியே போயிருக்கும். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க என் மருந்துக்கடைக்கு வந்தவர், "டாக்டர் நடக்கவே கூடாதுன்னுட்டார் தம்பி. படுத்தே கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும். படிக்க ஏதாவது குடுங்களேன்" என்றார். நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மாத்திரையோடு புத்தகமும் சிபாரிசு செய்வது என் வழக்கம் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு ராணி படையோடு போய்க் கோட்டையை வளைத்துப் பிடித்த முற்றுகையின் வரலாறு இருக்கிறதல்லவா, என் உயிருக்கு உயிரான அந்தப் புத்தகத்தின் முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? கைப்பழக்கம், மாத்திரை உறையில் எழுதுவதுபோல அட்டையில் "தினமும் காலை, சாப்பாட்டுக்குப் பின், ஒரு அத்தியாயம்" என்றும் எழுதிவிட்டேன். நான் கொடுத்த மாத்திரையை ஒருநாளும் ஒழுங்காகச் சாப்பிடாத அம்மாள், இதை வேளை தவறாமல் சாப்பிட்டார்.

மூன்றாம் அத்தியாயத்தில் ராணி கோட்டைக்குப் போகும் கால்வாயை அடைக்கிறாள். அன்று காலை நான் முகமெல்லாம் சோப்போடு நிற்கையில் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அடுத்த அத்தியாயம் உணவு வண்டிகளை மறிப்பது. மறுநாள் பால்காரரையும் பேப்பர் போடுபவரையும் கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்தது கோட்டைக்குள் கலகம் மூட்டுவது. உங்கள் தங்கைக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் வந்தது, "அவருக்குக் குடுத்துடாதீங்க" என்ற செய்தியோடு. உங்கள் தங்கை கொடுக்கவில்லை மச்சான். தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் மருந்து குடுக்கிற கை, அந்தம்மாவுக்கு மட்டும் ஆயுதம் குடுத்திருக்கு" என்றாள். நான் குளிக்காமலே கடைக்குப் போய் வருகிறேன். மருந்து வாசனை கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றுகிறது.

வேறு வீடு பார்க்காமலும் இல்லை. என் புத்தக அலமாரிகளைப் பற்றிச் சொன்னதும் "தளம் தாங்காது சார்" என்று கதவைச் சாத்துகிறார்கள். அலமாரிகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? தெருவில் அவற்றுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நேற்று உங்கள் தங்கை ஒரு யோசனை சொன்னாள். "அந்த ராணி கடைசியில மனசு இரங்கிட்டான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்களேன். கதைதானே?" எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கதையா? சரித்திரம்! இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் ராணி அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்குகிறாள். நடந்ததை மாற்றிச் சொல்பவனும் மருந்தில் கலப்படம் செய்பவனும் ஒன்று என்று கத்திவிட்டேன். வீடு போனாலும் போகட்டும், அதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சொந்த வீட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனமொடிந்த
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தது. கூடவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவும் படியேறி வந்தார். "தண்ணியைத் திறந்துவிட்டுட்டேன் தம்பி. ராணி குதிரையிலேர்ந்து விழுந்ததோட புத்தகம் முடிஞ்சுபோச்சே! பொழைச்சாளா, இல்லையா?" என்றார். பிழைத்தாள் என்றேன், அது உண்மை. "கோட்டை?" என்றார். வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. "உள்ளே இருந்தவங்களைப் பாத்து மனசு இரங்கி, மழைக்காலம் முடியிற வரைக்கும் இருக்க விட்டுட்டாம்மா" என்றேன். உங்கள் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்ல மனசு! அதை நானே படிச்சாத்தான் எனக்குத் திருப்தி. ரெண்டாம் பாகத்தைக் குடுங்க" என்றார். அது உங்களிடம் இருக்கிறது. பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் ஓடிப்போய்ப் பிடியுங்கள். உடனே அனுப்புங்கள். அனுப்புமுன் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் மச்சான். கத்தரி வேண்டாம், கரையான் அரித்ததுபோல இருக்கட்டும்.