ஆர்க்கிட் விளக்குப் பெரும்போர்

ஊசிமுனைக் காவலனே, வாழ்க! அளவு நாடாவை வெற்றிமாலையாய்த் தோளிலிட்டு, கத்தரியைக் கைவாளாய் ஏந்தி, பிளந்த கால்சட்டைகளுக்கு மறுவாழ்வும் இறுகிய சட்டைகளுக்கு இரண்டங்குல மூச்சும் அருளி, முப்பதாண்டாய்ப் பத்தடிக்கு எட்டடிக் கடையை ஒற்றைக்குடைக் கீழ் ஆளும் தையற்கார மன்னனே, வாழ்க! சொல்லரசியே, அவன் புகழ் பாடப் புகும் என் நாவுக்கும் இயந்திரத்துக்கு விட்டது போக மிஞ்சிய எண்ணெயில் இரண்டு சொட்டு விடு.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவ இரண்டு மாதம் பயணப்பட்ட மனைவி, படுக்கையறை ஜன்னலில் ஓர் ஆர்க்கிட் செடியை அவன் பொறுப்பில் விட்டு, "இதையாவது சாகடிக்காம வைங்க" என்று ஆணையிட்டுப் போனாள். அவன் ஆட்சியில் முன்பே ஒரு ரோஜாவும் ஒரு கள்ளியும் வீரமரணம் எய்தியிருந்தன. கள்ளியையே கொன்ற கை அது. ஆயினும் இருபதாம் நாள் காலை, அச்செடியின் இலையிடுக்கிலிருந்து வெள்ளிப் பூச்சும் பச்சை நுனியும் கொண்ட தண்டொன்று எட்டிப் பார்த்தது. பூந்தண்டு என்று பூரித்துப்போன மன்னன் தொலைபேசியை எடுத்து, "நீ திரும்பி வர்றப்போ பூ உன்னை வரவேற்கும்" என்று வஞ்சினம் கூறினான். படம் அனுப்பினால் சுவை கெடும் என்று அதை மட்டும் அனுப்பவில்லை. வாயைக் கொடுத்த பிறகுதான், எதிரில் எழும்பிய புது மாடிக் கட்டடம், ஜன்னல் வெயிலை முழுதாய் விழுங்கிவிட்டதைக் கண்டான். இனி விளக்கொன்றே கதி.

"செடிக்கு எந்த விளக்கு வாங்கலாம்?" என்று அவன் கடையில் வாய்விட்டுக் கேட்ட அக்கணமே போர் மூண்டது.

வடக்கு மூலையில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் மைத்துனன் எழுந்தான். லூமன்களை அம்புகளாய்த் தொடுத்து, கெல்வின்களைக் கேடயமாய்ப் பிடித்து, நானோமீட்டர்களை நாற்புறமும் சிதறவிட்டு, அவன் முழங்கினான்: "மாமா, வினாடிக்கு நூறு மைக்ரோமோல் வெளிச்சம் விழணும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒண்ணாயிடும். கணக்கு பார்க்காம பல்பை மாட்டினா அது விளக்கில்ல, அலங்காரம்."

தெற்கு வாயிலில், ஆறு ஆர்க்கிட் வளர்த்த அனுபவமுடைய பக்கத்து ரொட்டிக் கடைக்காரி, மாவு படிந்த கையை ஒருமுறை உயர்த்தினாள். "அண்ணே, வெள்ளை விளக்கு ஒண்ணு வாங்குங்க. காலையில போடுங்க, ராத்திரி அணைச்சிடுங்க. இலை செவந்தா தள்ளி வைங்க. அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்ற அச்சொல் மைத்துனனின் மார்பில் தைத்தது. எளிமை சோம்பேறியின் போர்வை என்றான் அவன். சோறு கேட்டவனுக்கு நெல்லின் வரலாறு சொல்லாதே என்றாள் அவள். அளவு சரிபார்க்க வந்து, ஒற்றைக் கை மட்டும் தைத்த கோட்டுக்குள், உடலெங்கும் குண்டூசியோடு நின்ற வாடிக்கையாளர் இந்தப் போரின் முதற்பலியாகி, ஒரு மணி நேரம் உட்காரவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நின்றார். இருவரில் எவரும் அந்தச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதும், பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதும் இப்போரின் தனிச்சிறப்பு.

மன்னனோ, சொந்தத்தையும் பகைக்க முடியாது, சுடச்சுட ரொட்டி தரும் அண்டையையும் இழக்க முடியாது. ஆகவே அவள் சொன்ன விளக்கை வாங்கி, அவன் சொன்ன தூரத்தில் தொங்கவிட்டான். அளவு நாடாவால் நாள்தோறும் தண்டை அளந்து, வாடிக்கையாளர் அளவேட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நீளம் குறித்து, வளரும் பிள்ளைக்கு விடுவதுபோல் ஓரங்குலம் கூடவும் விட்டான். தண்டும் வஞ்சகமில்லாமல் வளர்ந்தது. மொட்டுதான் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மைத்துனன் மைக்ரோமோலைக் குறை கூறினான், ரொட்டிக் கடைக்காரி மைத்துனனைக் குறை கூறினாள்.

இரண்டு மாதம் முடிந்தது. வாகை யாருக்கு என்றறிய இரு சேனைகளும் படுக்கையறைக்குள் முதன்முறையாக அணிவகுத்து நிற்க, வெள்ளைப் பேரொளி நடுவே தண்டு முழநீளம் நீண்டு தொங்க, மன்னன் கதவைத் திறந்துவிட, மனைவி பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தாள், குனிந்தாள், நுனியை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது வேருங்க" என்றாள்.