நாலரை நட்சத்திர ஹெட்போனும் என் இரண்டு காதுகளும்

நல்ல மனசு படைத்த, ஆனால் யார் எதைப் புகழ்ந்தாலும் நம்பிவிடுகிற என் தம்பி விஜயராஜுக்கு,

காவலூரிலிருந்து உன் அக்கா சுந்தரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் கலையரசனும் சுகம். இரண்டு பசுக்களும் சுகம். சாமை மில்லும் சத்தமாக, சுகமாக ஓடுகிறது. திருப்பத்தூரில் நீயும் அருணாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்; அப்படி இருந்தால்தான் இனி நான் எழுதப்போவதை உறுத்தல் இல்லாமல் எழுத முடியும். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால், "அக்கா, அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு" என்று பாதியில் உள்ளே புகுந்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் புக முடியாது.

விஷயம் வேறொன்றும் இல்லை. போன மாதம் நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய ஹெட்போன்தான். அதன் பெயரை எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். நாள் முழுக்க மில்லில் நின்று என் காதுக்குள் கொய்ங் என்று ஏதோ ரீங்காரம் கேட்கிறது என்று நான் சொன்னதும் உண்மை, நீ பாசமாக வாங்கி அனுப்பியதும் உண்மை. ஆனால் அன்றைக்கு நீ பேசிய பேச்சு இருக்கிறதே! "அக்கா, இந்த வெலைக்கு இத அடிச்சிக்க வேற ஒண்ணு கெடையாது. லட்சம் பேர் வாங்கிக்கிறாங்க. நாலரை நட்சத்திரம். காதுல மாட்டுனா மில்லு ஓடுதா நிக்குதான்னு கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கணும்" என்றாய். அந்த லட்சம் பேரும் எங்கே நின்று மாட்டிப் பார்த்தார்களோ தெரியாது. சாமை மில்லில் நின்று பார்க்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நானும் மரியாதைக்கு "ஆங், சரிங்க" என்றேன். பிறகு பாட்டு வந்தது. மில் சத்தம் போகவில்லை; அது பாட்டுக்குப் பக்க வாத்தியமாக வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு காதில் ஒரு சத்தம், இப்போது இரண்டு. மெத்தை மாதிரி இருக்கும் என்றாயே, அந்த மெத்தைக்குள் வேர்வை ஊறி, மூன்றாம் நாளே அதன் கறுப்புத் தோல் உரிந்து என் காதில் ஒட்டி, கழற்றினால் இரண்டு காதும் தோசைக்கல் அடிபோல இருந்தது. நாற்பது மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றார்களாம், அது இரண்டாம் நாள் மத்தியானத்துக்கே கண்ணை மூடிவிட்டது. அதை மாட்டியபடி, நம்மிடம் சாமை வாங்கும் திருவண்ணாமலைக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அந்தக் கருவி என் குரலை வைத்துக்கொண்டு மில் சத்தத்தை மட்டும் அவருக்கு அனுப்பியிருக்கிறது. "அம்மா, லாரிக்கு அடியில எங்கனா மாட்டிக்கினீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

இவ்வளவும் நடந்த பிறகு அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருக்க வேண்டியதுதானே என்பாய். போட்டிருப்பேன். ஆனால் உமித்தூசி காதுக்குள் போகாமல் தடுக்கும் ஒரு நல்ல குணம் அதற்கு இருந்தது. அதனால் சார்ஜ் போன பிறகும் சும்மாவே மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். வினை அதற்கு முன்பே, முதல் நாளே, ஆரம்பித்துவிட்டது தம்பி. அன்றைக்குச் சாமை அரைக்க வந்த ராஜாக்கண்ணு நாலு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பாட்டும் மில்லும் சேர்ந்து இரைந்ததில் எனக்குக் கேட்கவில்லை. அவர் நேராகப் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போய், "பாவம், சுந்தரம்மாவுக்குக் காது போயிட்ச்சு. அதுக்கு எம்மாம் பெரிய மிஷினு குட்த்துக்கிறாங்க பாத்தியா, ரெண்டு காதுக்கும் சேத்து!" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் உன் மாமா பஞ்சாட்சரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "அதெல்லாம் இல்லப்பா, அது பாட்டு கேக்கறது" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பண்றது, எல்லாம் நேரம்" என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். பிறகு நான் பிடித்துக் கேட்டதற்கு, "எல்லாரும் என் மேல எரக்கப்பட்டாங்கமே. முப்பத்திமூணு வருசத்துல இப்பதான் மொத தபா" என்கிறார்.

இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மில்லுக்கு வருகிறவர்கள் என்னிடம் கையால் பேச ஆரம்பித்தார்கள். மூட்டையைக் காட்டி, விரலை ஆட்டி, வாயைப் பிளந்து ஒரே கூத்து. நான் வாயைத் திறந்து சொல்வதற்குள் அடுத்தவர் வந்து என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்கிறார். அதைவிட வேடிக்கை, எனக்குக் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டு என் முகத்துக்கு எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசினார்கள். சார்ஜ் இல்லாத ஹெட்போனில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "எடை சுத்தமான பொம்பள, வாய்தான் நிக்காது" என்றார்கள். முதல் பாதிக்காகச் சந்தோஷப்பட்டு, பின் பாதியை மன்னித்துவிட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. கலையரசனுக்கு முப்பத்தொரு வயது முடிந்துவிட்டது. தொலைநோக்கி மையத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை, குடி இல்லை, கெட்ட பழக்கம் இல்லை. ஆனாலும் மூன்று இடம் தட்டிப்போனது, மூன்றுக்கும் ஒரே காரணம்: "மாமியார்க்காரிக்கு வாய் ஜாஸ்தி." நாலாவதாக, சந்தவாசல் சசிகலாவின் மகள் பூஜாவைப் பார்த்தோம் அல்லவா, நம் சின்ன அத்தை வழியில் சொந்தம். அந்தப் பெண்ணைக் கலையரசனுக்குப் பிடித்திருந்தது, அந்தப் பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அந்தச் சசிகலாதான் பதில் சொல்லாமல் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன செவ்வாய்க்கிழமை தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி மலைக்கு வந்து, நேராக மில் வாசலில் நின்றாள். நான் தலையெல்லாம் உமியோடு, காதில் அந்தக் கறுப்புச் சனியனோடு நிற்கிறேன். மில்லை நிறுத்திவிட்டு "வாங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கும்பிட்டுவிட்டு, தங்கையிடம் திரும்பி, "கீழ பஸ் ஸ்டாப்புல சொன்னாங்களே, மெய்தான்டி. சுத்தமா கேக்காதாம்" என்றாள். "அய்யோ பாவம், அப்ப இந்த எடம் வேணாங்கறியாக்கா?" என்றாள் தங்கை. அதற்குச் சசிகலா சொன்னாள் பார்: "வேணாமாவா? நம்ம பூஜா வாய்க்கு எந்த மாமியாகிட்ட ஒரு மாசம் தாங்குவா? இது சாமியாப் பாத்துக் குட்த்த எடம். இவ இன்னா பேசனாலும் அந்தம்மாவுக்குக் கேக்காது. அந்தம்மா பேசனா இவ ரூமுக்குப் போய் கதவ சாத்திக்கலாம். இன்னைக்கே சரின்னு சொல்லிடலாம்டி."

தம்பி, என் நிலைமையை யோசித்துப் பார். "சசிகலா, எனக்கு ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் கலையரசன் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் செத்துப்போகும்வரை நான் செவிடி. எதிரில் அவள் விரலால் மோதிரம் போடுவதுபோலக் காட்டி, மாலை போடுவதுபோலக் காட்டி, "சம்மதம்! சம்மதம்!" என்று கத்துகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்ன தப்பு, காது கேட்காதவர்கள் பேசுவதில்லையா என்று அவர்கள் போன பிறகுதான் தோன்றியது.

அன்று முதல் நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தராசில் ஒரு பிடி சாமை குறைந்தது என்று இந்த மலையில் ஒருத்தரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள், பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் காதைக் குறைத்துக் காட்டிவிட்டேனே என்று மனசு அறுத்தது. கலையரசனோ சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டு திரிகிறான். உன் மாமாவிடம் சொன்னால், "கல்யாணம் முடியற வரைக்கும் கம்முனு இரு, வூடும் அமைதியா கீது" என்கிறார்.

சனிக்கிழமை காலை மில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சாமையைக் கொட்டிக்கொண்டு நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், கத்தாமல், சாதாரணமாக, "அத்த, உங்க பொடவ பெல்ட்டுல மாட்டப்போவுது" என்றது. துள்ளிக் குதித்து, முந்தானையை அள்ளிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால் பூஜா. தனியாக ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். என் புடவை பெல்ட்டுக்கு நாலடி தள்ளி இருந்தது.

எனக்குக் காது கேட்கும் என்பதை நானே துள்ளிக் காட்டிவிட்டேன். அவளோ சிரிக்கிறாள். "அத்த, இதே ஹெட்போனு என்கிட்டயும் கீது. லட்சம் பேரு வாங்கனாங்கன்னு நானும் வாங்கனேன். இத மாட்டிக்கினா ஒரு சத்தமும் நிக்காது. எங்க பக்கத்து வூட்டுக் கோழி கூவறதுகூட கேக்கும். அம்மா வந்து, 'இவ்ளோ பெரிசு, கறுப்பு, பக்கத்துல ஒரு செவப்பு கோடு'ன்னு அடையாளம் சொன்னப்பவே எனக்கு வௌங்கிப்போச்சு. அம்மா பேசனது அத்தனையும் உங்களுக்குக் கேட்டிருக்கும்" என்றாள்.

நான் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். "கேட்டுச்சும்மா. சொல்லாம வுட்டது தப்புதான். உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் மனசுல வச்சிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் என் எதிரில் குந்தி உட்கார்ந்து, என் காதில் ஒட்டியிருந்த கறுப்புத் தோலை நகத்தால் எடுத்தபடி சொன்னாள்: "எங்க அம்மா என் வாயப் பத்தியும் உங்க வாயப் பத்தியும் அவ்ளோ பேசியும், கேட்டுக்கினு காப்பி போட்டு குட்த்தீங்களே. வேற யாரா இருந்தாலும் தொடப்பக்கட்டய எடுத்திருப்பாங்க. எனக்கு வாய் ஜாஸ்தி, உங்களுக்கும் ஜாஸ்தி. ரெண்டு பேரும் பேசிக்கினே இருக்கலாம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

என் கண்ணில் தண்ணீர் வந்தது. உமித்தூசி என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பியதுபோல் இருந்தாள்.

சாயங்காலம் சசிகலா போன் செய்தாள். "அண்ணி... அன்னைக்கு நான் பேசனது உங்களுக்கு..." என்று இழுத்தாள். "எங்க கேட்டுச்சு, மில்லு எரச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். அன்றைக்கு மில் நின்றிருந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அப்ப வர்ற மொத முகூர்த்தமே வச்சிக்கலாம் அண்ணி" என்றாள். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம், சந்தவாசலில். தாய்மாமன் நீ, முன்னாடியே வந்துவிட வேண்டும்.

ஆகவே தம்பி, எழுதுவதன் சாரம்: அந்த ஹெட்போனுக்கு இருக்கும் புகழ் அத்தனையும் பொய். சத்தத்தை நிறுத்தாது, சார்ஜ் நிற்காது, காதைக் கருக்கும். அது ஒழுங்காக வேலை செய்யாததால்தான் எனக்கு மருமகள் கிடைத்தாள் என்பது வேறு விஷயம். அதற்காக நட்சத்திரம் கொடுக்க முடியாது. இத்துடன் அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். நீ அந்தக் கடையில் போய், லட்சத்தில் ஒருத்தியைக் கழித்துக்கொள்ளச் சொல்.

அருணாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வயிற்றுப் புண்ணுக்குச் சாமைக் கஞ்சி குடி, பொட்டலம் தனியாக வருகிறது. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மலைமேலிருந்து வேண்டிக்கொள்ளும்,

உன் பிரியமுள்ள அக்கா,
சுந்தரம்மாள்

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டப் போகும்போது கலையரசன் வந்து, "இன்னாம்மா, இந்த பட்டன அமுக்கவே இல்லியா நீ?" என்றான். வலது பக்கத்தில் மடிப்புக்குள் மிளகு அளவு ஒரு பொத்தான். மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். சார்ஜ் ஏற்றி, மாட்டி, அமுக்கிப் பிடித்தோம். தம்பி, மில் அடுத்த மலைக்குப் போய்விட்டது! காதுக்குள் கொய்ங் சத்தம்கூட அடங்கிவிட்டது. மேலே எழுதிய வசவு முழுவதையும் கிழித்துப் போட்டுவிடு, கல்யாண விவரத்தை மட்டும் வைத்துக்கொள். பூஜாவிடம் பொத்தானைப் பற்றி மூச்சு விடாதே. அவளும் தன்னுடையதை அமுக்கிவிட்டால் நான் யாரிடம் பேசுவது? ஹெட்போன் திரும்பி வராது, நானே வைத்துக்கொள்கிறேன். இதை எழுதும்போது உன் மாமா எதிரில் நின்று கையை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். உதட்டைப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்குகிறது என்கிறார் போலிருக்கிறது. பொங்கட்டும்.