அத்தானின் பல்லோடு நிற்கும் வண்டி

பேரன்புள்ள அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் நின்றுபோன வண்டிக்குள்ளிருந்து வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. ஏன் என்று விசாரித்துப் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கு உப்பிட்டு வளர்த்த அந்த ரயில்வே இலாகாதான் காரணம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று அக்கா கேட்பாள். என் போன் செத்துவிட்டது. இந்தப் பெட்டியில் சார்ஜ் போடும் துளைகள் எல்லாம் அதற்கு முன்பே செத்துவிட்டன. அப்படியே உயிரோடு இருந்தாலும் பல் செட் உடைந்த நாளிலிருந்து நீங்கள் யார் போனையும் எடுப்பதில்லை. அக்கா எடுத்தால் முதல் கேள்வியே எங்கே இருக்கிறாய் என்பதுதான். பலகையில் பெயர் அழிந்துபோன ஒரு குட்டி நிலையத்தில் நிற்கிறேன், வேறென்ன சொல்ல? எதிர் இருக்கையில் இருக்கும் மருந்து விற்பனைக்காரர் பொறுமை இழந்து இறங்கிப் பேருந்தில் போகப் போகிறார். எப்படிப் பார்த்தாலும் இந்த வண்டிக்கு முன்னால் அங்கே வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்கிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு காபி கொடுங்கள்.

நினைத்தால் வயிறு எரிகிறது அத்தான். இன்று சாயங்காலத்தோடு உங்கள் வேலை முடிகிறது. வாழ்நாள் முழுக்க ஒலிபெருக்கியில் வண்டி வருகிறது, வண்டி போகிறது என்று சொன்ன மனிதர் கடைசியாக ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அதைக் கேட்க அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்து நிற்கப் போகிறாள். பார்த்து இந்த வாரமா பல் செட்டை வாஷ்பேசினில் போட்டு உடைப்பீர்கள்? உடைத்ததாவது போகட்டும், குடும்பத்திலேயே பல் செட் கட்டுகிறவன் ஒருத்தன் இருக்கும்போது கடையில் பசை வாங்கி நீங்களே ஒட்டிப் பார்த்தீர்களாமே. ஒட்டியது உங்கள் இரண்டு விரல்கள் மட்டும்தான் என்று அக்கா சொன்னாள். பல் வராவிட்டால் புதிதாகச் சேர்ந்த பையனே பேசட்டும் என்று உங்கள் நிலைய அதிகாரி சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் மற்ற வேலையைப் போட்டது போட்டபடி விட்டு, இரவெல்லாம் கண் விழித்து, கையிலிருந்த உங்கள் பழைய அளவை வைத்துப் புது செட் கட்டி, டப்பாவில் பஞ்சு வைத்து மூடி ஓடி வந்து ஏறினேன். காலையிலேயே அங்கு வந்து உங்கள் வாயில் பொருத்தியிருக்க வேண்டும்.

இந்த வண்டி என்ன செய்தது தெரியுமா? கண்ட இடத்தில் எல்லாம் நின்றது. எவன் வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டது. கடைசியில் ஒரு நிலக்கரி வண்டிக்கு வழிவிட்டது பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிலக்கரிக்கு என்ன அவசரம் அத்தான்? அதற்கு எந்த மைத்துனன் பல் கொண்டு போகிறான்? கார்டைப் போய்க் கேட்டால் டிரைவருக்குத்தான் தெரியும் என்கிறார். டிரைவரைக் கேட்டால் சிக்னலைக் கேள் என்கிறார். சிக்னலிடம் நான் எந்த பாஷையில் பேசுவது?

இந்தக் கூத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. என் பக்கத்து இருக்கைப் பெரியவரும் பல் செட்காரர். புத்தம் புதியது, யாரோ கைராசி இல்லாதவன் கட்டியது. அவர் பிஸ்கட் தின்றால் பெட்டி முழுக்க டக் டக் என்று கேட்டது. வண்டி நிற்கிற எரிச்சலில் அந்தச் சத்தம் என் மண்டைக்குள் ஏறிவிட்டது. கழற்றிக் கொடுங்கள், கடைவாய்ப் பல்லை லேசாக ராவித் தருகிறேன் என்று வாங்கினேன். அதற்கு அளவு பார்க்கத்தான் உங்கள் செட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அரத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்து டிக்கெட் கேட்டார். வண்டியே ஓடவில்லை, டிக்கெட் எதற்கு என்று பிடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"சார், நீங்களாவது ஊருக்குப் போய் இறங்கிடுவீங்க. நான் இதே வண்டியில திரும்பி வரணும். என்கிட்ட கத்தி என்ன ஆகப் போகுது?"

அவர் சொன்னது நியாயம்தான், அதனால் இன்னும் கோபம் வந்தது. அவரைத் திட்டிக்கொண்டே ராவி முடித்து, கழுவி, பெரியவரிடம் நீட்டினேன். உங்களுடையதை டப்பாவில் மூடினேன். பெரியவர் அப்படியே வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தடங்கலுக்கு வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று இத்தனை காலம் சொன்னீர்களே, ஒரு நாளாவது வருந்தியிருக்கிறீர்களா? சாதம் இன்னும் கொஞ்சம் போடு என்று அக்காவிடம் கேட்கிற அதே குரலில்தான் சொல்வீர்கள். இன்று அந்த வருத்தம் உங்கள் ஈறு வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு, இந்த வண்டியை ஒரு நிமிடம்கூட எங்கும் நிறுத்தக் கூடாது என்று மேலதிகாரிக்கு என் பெயரில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். மானத்தோடு நீங்கள் உங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நன்றாக மென்று சாப்பிட்டு, நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதிய புகாரைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பெரியவர் இப்போதுதான் எழுந்து பிஸ்கட்டை எடுத்தார். டக் டக் என்றது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். பரிசோதகரைத் திட்டிய வேகத்தில் நான் ராவித் தள்ளியது உங்கள் கடைவாய்ப் பல்லை அத்தான். இதை மாட்டிக்கொண்டு பேசினால் எந்த ஊர் வண்டி என்று அக்காவுக்கே புரியாது. பயப்படாதீர்கள், பூசிச் சரிசெய்யப் பவுடரும் திரவமும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் ஆடாத இடத்தில் உட்கார்ந்துதான் பூச முடியும். பாவிகள், இப்போது பார்த்து வண்டியை எடுத்துவிட்டார்கள். மருந்துக்காரர் படிக்கட்டில் நின்றுகொண்டு கடிதத்தைக் கேட்டுக் கத்துகிறார். அத்தான், உங்களுக்குக் கோடிப் புண்ணியம், யார் காலில் விழுந்தாவது இந்த வண்டியை ஊருக்கு வெளியே சிக்னலில் நிறுத்திப் போடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் இங்கே ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.