எங்கள் தெருவுக்கு விலக்கு

அன்பு மிகுந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அத்தையின் இடது கணுக்கால் மட்டும் சுகமில்லை. அதை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதம்.

நகராட்சியின் கணினிப் பிரிவில் நீங்கள் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒன்று கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "மாமா, ஒரு தரம் எழுதினா யாராலயும் அழிக்க முடியாத நோட்டு ஒண்ணு இருந்தா நல்லதா, கெட்டதா?" முப்பத்தோரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். யோசிக்காமல் "ரொம்ப நல்லது" என்றேன். அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நகராட்சி மனுக்களை நீங்கள் ஏற்றிவைக்கும் அந்த அழியாத நோட்டு, பிளாக்செயின், எனக்குப் புரியாமல் இல்லை. வகுப்பில் நாற்பது பேரிடமும் வருகைப் பதிவேட்டின் நகல் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவன் தன் நகலில் மட்டும் திருத்தினால் மற்ற முப்பத்தொன்பதும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். யாரும் மனுவைத் தொலைக்க முடியாது. அருமையான ஏற்பாடுதான், தப்புச் செய்பவன் மாணவனாக இருக்கும் வரை.

நடந்தது இது. வீட்டெதிர்க் கம்பத்தில் மூன்று வாரமாக விளக்கு எரியவில்லை. பொழுது சாய்ந்து மருந்துக்கடைக்குப் போன அத்தை, நடைபாதை விளிம்பில் கால் பிசகி விழுந்தாள். வந்த கோபத்தில் கைபேசியை எடுத்து, "எங்கள் தெருவுக்கு உடனே விளக்கு வேண்டும்" என்று நகராட்சிச் செயலியில் தட்டினேன். கைபேசியின் எழுத்துப் பலகையில் ல-வும் ள-வும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. போனது, "உடனே விலக்கு வேண்டும்." மனிதன் படித்திருந்தால் சிரித்துவிட்டு விளக்கைப் போட்டிருப்பான். உங்கள் பிளாக்செயின் சங்கிலியோ மனுவைப் படித்த கையோடு உத்தரவும் போட்டுவிடுகிறதே! இரண்டே நிமிடத்தில் "விலக்கு அளிக்கப்பட்டது" என்று பதில். எதிலிருந்து என்று நான் சொல்லாததால் எல்லாவற்றிலிருந்தும். மறுநாள் குப்பை வண்டி தெருமுனையோடு திரும்பிவிட்டது. பெருக்குகிற அம்மா எங்கள் தெரு தொடங்கும் இடம் வரை பெருக்கி, துடைப்பத்தை உதறிவிட்டுப் போய்விட்டார். மதுவிலக்கு கேள்விப்பட்டிருக்கிறோம், இது தெருவிலக்கு.

அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் பொறுமையாகத்தான் சொன்னார்: "அழிக்க முடியாதுங்க சார். கீழ திருத்தம்னு ஒண்ணு சேர்க்கலாம். காரணம் எழுதணும். உங்க தெருவுல பத்து வீடு அது உண்மைன்னு கட்டைவிரல் வைக்கணும்."

"காரணம், கைபேசிக் கோளாறு" என்று எழுதிக்கொண்டு முதலில் எதிர்வீட்டுத் தையற்காரரிடம் போனேன். என் பழைய மாணவர். வாய் நிறைய ஊசியோடு சிரித்தார்.

"சார், 'பள்ளிக்குப் போனேன்'னு எழுத வேண்டியதை 'பல்லிக்குப் போனேன்'னு எழுதிட்டேன். நீங்க கீழ செவப்பு மையில 'பல்லி நலமா?'ன்னு கேட்டீங்க. வகுப்பே சிரிச்சுது. அன்னிக்கு என் பேனா மேல பழி போட்டேனா? 'என் பிழை'ன்னு எழுதிட்டு வாங்க, மொத விரல் என்னோடது."

அடுத்த வீடுகளுக்கு நான் போகவில்லை. ஒன்பது நாளாகிறது. குப்பைக் கூடை நிரம்பி வழிகிறது. பொழுது சாய்ந்தால் அத்தை வாசற்படி இறங்குவதில்லை. "எத்தனை புள்ளைங்களுக்கு அரை மார்க் கொறச்சிருப்பீங்க? இப்ப உங்க மார்க்கு கொறையுது, அவ்வளவுதானே?" என்கிறாள். சொல்வது சுலபம் மாப்பிள்ளை. நகரத்தில் உள்ள அத்தனை கணினியிலும், என் பெயருக்கு நேரே, 'எழுத்துப்பிழை' என்று காலாகாலத்துக்கும் நிற்குமே! தப்பு கருவியுடையது, என்னுடையது அல்ல. ஆகவே வீட்டு மனிதர் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்தப் பதிவை யாருக்கும் தெரியாமல் எப்படியாவது அழித்துவிடுங்கள்.

மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் எல்லா வலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். மேலே 'எல்லா வலமும்' என்று எழுதியிருக்கிறேனாம். பார்த்தேன், எழுதித்தான் இருக்கிறேன். பேனாவில் ல-வும் ள-வும் ஒட்டி உட்கார்ந்திருக்கவில்லை. எனவே கீழே சேர்க்கிறேன். திருத்தம்: வளமும். காரணம்: என் பிழை. பக்கத்தில் உள்ள நீல மை ரேகை அத்தையின் கட்டைவிரல். நகராட்சிப் பதிவை நீங்கள் தொட வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டேன், தையற்கடைக்குப் போகிறேன். நீங்களும் அடுத்து எதை அனுப்பினாலும், பொத்தானை அழுத்துமுன் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.