மச்சினன் இல்லாத எட்டு நாள்

அச்சு இயந்திரத்திலிருந்து இரண்டாவது தாள் வெளியே வருவதற்குள் மச்சினன் காசிமிரோ வீட்டுக்குள் வந்துவிட்டான். வாசல் கதவுக்கு அவனிடம் ஒரு சாவி உண்டு. இருபத்து மூன்று வருடமாக உண்டு.

"என்ன அத்தான், டிக்கெட்டா?"

எவரிஸ்தோ தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். அவர் கை சின்னது. அல்மேரியா, மாட்ரிட், சந்தியாகோ என்ற மூன்று ஊர்ப் பெயர்களும் விரல் இடுக்கில் நன்றாகவே தெரிந்தன.

"எப்ப கிளம்புறீங்க?"

"இன்னும் முடிவாகல. ஜூன் மாசம் ஏதோ ஒரு நாள்."

"பதினொண்ணாந் தேதின்னு போட்டிருக்கே."

"அப்ப பதினொண்ணு."

"நடக்க ஆரம்பிக்கிறது சாரியாவுல இருந்துதானே? நிச்சயமா அங்கதானே?"

எவரிஸ்தோ தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் இருமலுக்குப் படம் எடுத்தபோது அவர் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தில் எவரிஸ்தோ பாதி ஆளாகிவிட்டார். சந்தியாகப்பரிடம் வேண்டிக்கொண்டார்: இது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், சந்தியாகோவில் உள்ள உம் கோயிலுக்கு யாத்திரைப் பாதையின் கடைசி நூறு கிலோமீட்டரைக் கால்நடையாக நடந்து வந்து உம் சிலையைக் கட்டிக்கொள்கிறேன், தன்னந்தனியாக. அது எப்போதோ வந்த நிமோனியாவின் தழும்பு என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நூறு கிலோமீட்டர் தொடங்கும் ஊர்தான் சாரியா.

தன்னந்தனியாக என்றால் மனைவி ரெமே கூட வரக் கூடாது என்று பொருளில்லை. அவளுக்கு முழங்கால் வலி, எப்படியும் வரமாட்டாள். ரெமேயின் தம்பி கூட வரக் கூடாது, அவ்வளவுதான் பொருள்.

இருபத்து மூன்று ஆகஸ்டு மாதங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கடற்கரை வீட்டில், ஒரே குளியலறையோடு விடுமுறை கழித்திருக்கின்றன. காசிமிரோவுக்கு வேலை பசுமைக் குடில்களுக்குத் தண்ணீர்க் குழாய் விற்பது. ஆனால் இறால் உரிப்பது எப்படி, குடையை மணலில் ஊன்றுவது எப்படி, எந்தப் பாதையில் போனால் நெரிசல் இருக்காது, எல்லாமே அவனுக்குத் தெரியும் என்பது எவரிஸ்தோவின் புகார். பாதையைப் பற்றி இவரிடமே சொல்வான். இவரோ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடமாகச் சாலை விதி நடத்துகிறவர். எரிச்சல் வருமா வராதா?

"சாரியாதான்," என்றார்.

"அப்ப மாத்தாதீங்க அத்தான். பணம் திரும்ப வராத டிக்கெட்டா வாங்குங்க, மலிவு. தங்குற இடத்தையும் இப்பவே பிடிச்சிடுங்க. எந்த ராத்திரி எந்த ஊருன்னு ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பிடுங்க."

பட்டியல் எதற்கு என்று கேட்க எவரிஸ்தோவுக்குத் தைரியம் வரவில்லை. ஊரையும் தேதியையும் துருவித் துருவிக் கேட்கிறவன் கூட வருவதற்கல்லாமல் வேறு எதற்குக் கேட்பான்?

மறுநாள் பயிற்சிப் பள்ளி வரவேற்பு மேசையில் இருக்கும் அசுன் என்ற பெண்ணிடம் சொல்லிப் புலம்பினார்.

"வராதேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட வேண்டியதுதானே சார்?"

"பொண்டாட்டி வேணாம்னா விவாகரத்து இருக்கும்மா. மச்சினன் வேணாம்னா சட்டத்துல எந்த வழியும் இல்ல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

"அப்ப சாரியான்னு சொல்லிட்டு வேற எங்கேருந்தாவது நடங்க. சந்தியாகோவுக்கு ஆயிரம் வழி."

அதைத்தான் தானும் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார் எவரிஸ்தோ. பிறகு அந்த யோசனையில் உள்ள பன்னிரண்டு நுட்பங்களை அவளுக்கே விளக்கினார். அசுன் ஏழாவது நுட்பத்தில் தொலைபேசியை எடுத்து, மணி அடிக்காமலே பேச ஆரம்பித்தாள்.

ஆக, புதுத் திட்டம் தயாரானது. துய். போர்ச்சுகல் எல்லையில், ஆற்றங்கரையில் உள்ள ஊர். சாரியாவிலிருந்து எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான் அங்கிருந்தும். காசிமிரோ எங்கு தேடினாலும் அங்கு தேடமாட்டான். துய்க்குச் சுலபமாகப் போக வேண்டுமென்றால் மாட்ரிட்டில் விமானம் மாறி, பக்கத்து ஊரான வீகோவில் இறங்க வேண்டும். அந்த டிக்கெட்டை அவர் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மழை வந்தது.

மழை பெய்தால் எங்கள் அல்மேரியாவில் எந்த வீட்டு அடுப்பிலும் மிகாஸ்தான். ரவையைப் பூண்டெண்ணெயில் போட்டு அரை மணி நேரம் கை ஓயாமல் கிளற வேண்டும். ரெமே கிளறிக்கொண்டிருந்தாள். எவரிஸ்தோ கரண்டியைப் பிடுங்கி, மணிக்கட்டைச் சுழற்ற வேண்டிய கோணத்தை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காசிமிரோ வந்து உட்கார்ந்தான்.

"கொஞ்சம் தண்ணி தெளிக்கலாமோ," என்றான்.

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்," என்றார் எவரிஸ்தோ. தண்ணீர் தெளிப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். காசிமிரோ கருவாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டான்: "பதினொண்ணாந் தேதி எத்தனை மணிக்கு விமானம் அத்தான்?"

"காலையில ஏழு."

"நானே கொண்டுபோய் விடுறேன்."

"எதுக்கு உனக்குச் சிரமம்? டாக்ஸி இருக்கு."

"டாக்ஸிக்காரன் வராம போயிட்டான்னா? விமானத்தை விட்டுட்டீங்கன்னா? அப்புறம் இங்கேயே இருந்துடுவீங்க. நூரியா விமான நிலையத்து காபிக் கடையிலதானே இருக்கா. நீங்க ஏறிட்டீங்கன்னு எனக்குச் செய்தி அனுப்பச் சொல்றேன்."

"தம்பிக்கு உன் மேல எவ்வளவு பாசம் பாரு," என்றாள் ரெமே.

பாசமில்லை, காவல் என்று எவரிஸ்தோ நினைத்தார். மகளையே ஒற்றுவேலைக்கு வைத்திருக்கிறான். இனி அல்மேரியா விமான நிலையத்திலிருந்து வீகோ என்று எழுதிய சீட்டோடு ஏற முடியாது, நூரியா அரை நொடியில் அப்பனுக்குச் சொல்லிவிடுவாள். மலாகாவுக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து விமானத்தில் போர்ச்சுகலின் போர்த்தோ, அங்கிருந்து பேருந்தில் எல்லை என்று வழியை மாற்றினார். சந்தியாகோ டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது, பணம் திரும்ப வராத டிக்கெட். மச்சினன் பேச்சைக் கேட்டு வாங்கியது.

போர்த்தோ விமானம் பகல் இரண்டு ஐந்துக்கு இறங்கும் என்று சீட்டில் இருந்தது. இதுவே வேறு ஆளாக இருந்தால் இரண்டரைக்கு மேல் கிளம்பும் பேருந்தாகப் பார்த்து வாங்கியிருப்பான். எவரிஸ்தோவுக்கு விஷயம் தெரியும். போர்ச்சுகலில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஆகவே இரண்டு ஐந்தில் ஒரு மணி நேரத்தைக் கழித்து, ஒன்று ஐந்து என்று எழுதிக்கொண்டு, இரண்டு மணிப் பேருந்துக்குப் பதிவு செய்தார். இந்தக் கணக்கை அசுனுக்கும் விளக்கி, இதெல்லாம் ஊர் உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார்.

பதினொன்றாம் தேதி விடியற்காலையில் காசிமிரோ காரோடு வந்து நின்றான். வழியெல்லாம் எவரிஸ்தோ வளைவுகளில் எந்தக் கியரில் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். விமான நிலைய வாசலில் காசிமிரோ இறங்கி அவரைக் கட்டிக்கொண்டான்.

"உடம்பைப் பாத்துக்கங்க அத்தான். நேரா சாரியாதானே?"

"வேற எங்க போகப் போறேன்?"

எவரிஸ்தோ உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார். காசிமிரோ கையசைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தார். அப்போதும் நின்றான்.

காபிக் கடையில் நூரியா. வாசலில் காசிமிரோ. எவரிஸ்தோ கழிப்பறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிடம், ரக்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு. ஒலிபெருக்கியில் அவர் பெயரை இரண்டு தடவை முழுசாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை பயணி உடனே வரவேண்டும் என்று கெஞ்சினார்கள். பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல், "யாரோ ஒரு அசடு விமானத்தைக் கோட்டை விடறான்," என்றது. எவரிஸ்தோ மூச்சு விடவில்லை.

விமானம் கிளம்பிய சத்தம் கேட்டு வெளியே வந்தார். நூரியா ஒரு பெரிய கூட்டத்துக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வாசலில் காசிமிரோ இல்லை. டாக்ஸி பிடித்து, ரவுண்டானாவில் உள் தடத்தில் போகக் கூடாது என்று ஓட்டுநரிடம் வாதாடியபடி பேருந்து நிலையம் சேர்ந்தார்.

மலாகா வரை நாலு மணி நேரம். விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விமானம் ஏறும்போது காது ஏன் அடைக்கிறது என்று பக்கத்து இருக்கை அம்மாளுக்குச் சொன்னார். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியவில்லை. அது அவருக்கு இடைஞ்சலாக இல்லை.

போர்த்தோவில் பேருந்துச் சீட்டு கொடுக்கும் பெண் அவருடைய சீட்டைப் பார்த்தாள்.

"இந்த வண்டி போயாச்சு சார்."

"எப்படிம்மா போகும்? மணி ஒண்ணரைதானே ஆகுது?"

"ரெண்டரை."

"அது ஸ்பெயின் நேரம். நான் ஒரு மணி கழிச்சுட்டேன்."

"விமானக்காரங்க ஏற்கெனவே கழிச்சுத்தான் சார் அச்சடிக்கிறாங்க."

எவரிஸ்தோ அவள் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அது தப்பாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நாலு மணி வண்டி ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலேயே, போர்ச்சுகல் கரையிலேயே இறக்கிவிட்டது. பாலத்தை நடந்து கடந்தார். நடுப்பாலத்தில் கைபேசி ஒரு மணி நேரத்தைத் தானாகக் கூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ரெமே கூப்பிட்டாள்.

"சாரியா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. மலை." ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நிறைய மலை."

"தம்பி கேட்டுக்கிட்டே இருந்தான், நீ சாரியா போய்ச் சேந்துட்டியான்னு. ரெண்டு தடவை கூப்பிட்டுட்டான்."

"சேந்துட்டேன்னு சொல்லு. நல்லா அழுத்திச் சொல்லு."

போனை வைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. கால் கடுத்தது, காலையிலிருந்து ஒரு காய்ந்த ரொட்டியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. ஆனாலும் சிரித்தார். எங்கோ மலையில் சாரியா, இங்கே ஆற்றின் மேல் இவர், அல்மேரியாவில் ஏமாந்த காசிமிரோ. எட்டு நாள். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காத எட்டு நாள்.

யாத்திரிகர் விடுதி தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. மணி ஏழரை, வெயில் இன்னும் சுவரில் நின்றது. சபேலா என்ற நடுவயதுப் பெண்தான் விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள். கட்டிலின் மேல்தட்டு ஒன்றுதான் பாக்கி என்றாள். அடையாள அட்டையை வாங்கிப் படித்தாள்.

"அல்மேரியாவா? இன்னைக்கு அங்கேருந்து நீங்க ரெண்டாவது ஆளு. அவரு அஞ்சு மணிக்கே வந்துட்டாரு. மாட்ரிட்ல மாறி வீகோவுல இறங்கி, டாக்ஸி பிடிச்சு அரை மணி நேரமாம்."

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த எவரிஸ்தோ நிமிர்ந்தார்.

"அவரு பேரு என்னம்மா?"

அவள் பதிவேட்டில் விரலை ஓட்டினாள். "காசிமிரோ. ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. உங்க கட்டில்லயே கீழ்த்தட்டு அவருதான்."

எவரிஸ்தோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கழிப்பறை, மலாகா, போர்த்தோ, பாலம், எல்லாம் வீண். எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான்.

"அவன் என் பின்னாடியே வந்திருக்கான்மா," என்றார். "இருபத்து மூணு வருஷமா இதேதான். ஒரு வேண்டுதலைக்கூட நிம்மதியா நிறைவேத்த விடமாட்டேங்கறான்."

"சே, அப்படி இருக்காது. அவரே வேண்டுதலுக்குத்தான் வந்திருக்காரு. அவங்க அக்கா வீட்டுக்காரருக்கு நுரையீரல்ல ஏதோ நிழல் தெரிஞ்சுதாம். பொழைச்சா நடந்தே வர்றேன்னு சந்தியாகப்பருக்கு வேண்டிக்கிட்டாராம். அதைச் சொல்லும்போது இதோ இந்த பெஞ்சுலதான் உக்காந்து அழுதாரு. நடந்து முடிச்சதுக்கு அங்க குடுக்குற சான்றிதழ்ல தன் பேருக்குப் பதிலா அத்தான் பேரைப் போடுவாங்களான்னுகூட விசாரிச்சாரு."

எவரிஸ்தோ தன் காலணிகளைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வரிசையாக வைத்தார். அவனைப் பற்றி எப்படியெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"அவ்வளவு பிரியம் வச்சிருக்கவரு," என்றார் கடைசியில், மெதுவாக, "அந்த அத்தானையும் கூடக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமேம்மா."

சபேலா சிரித்தாள்.

"நானும் அதையேதான் கேட்டேன். 'தாயே, அவரு நூறு வயசு இருக்கணும், அதுக்குத்தான் நடக்குறேன். ஆனா அவரு சாரியாவுக்குப் போறாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சப்புறம்தான் நான் இந்தப் பக்கம் டிக்கெட்டே வாங்கினேன்'னாரு."