சம்பந்தி அங்கிள் பார்த்த வரன்

உலகத்திலேயே ஐஸ் ஹாக்கி டீமுக்கு வரன் தேடிய ஒரே தமிழர் எங்கள் சம்பந்தி அங்கிள்தான்.

தொண்ணூறுகளில், அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர் அபார்ட்மென்ட் அவருடையது. ஒரு சின்னக் கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை. ஸ்கேட் மாட்டிக்கொண்டு நிற்கக்கூடத் தெரியாது. ஆனால் சாயங்காலமானால் குரங்குக் குல்லாவோடு, ஐஸ் ஹாக்கி ஆடும் கல்லூரி ரிங்க்கில் ஆஜர்.

அந்தக் கல்லூரியின் ஹாக்கி டீம் எந்த கான்ஃபரன்ஸிலும் இல்லை. கான்ஃபரன்ஸ் என்றால் நம் ஆபீஸ் மீட்டிங் இல்லை. பல கல்லூரிகள் கூடித் தங்களுக்குள் ஆடிக்கொள்கிற கூட்டு. உள்ளே இருந்தால் மேட்ச் தானாக வரும். வெளியே இருந்தால் ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டு, ஆட வருகிறீர்களா என்று கெஞ்ச வேண்டும். அந்த வருஷமும் இடம் கிடைக்காவிட்டால் டீமையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கிளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ லீக்!" என்றான் அவர் மகன்.

"லீக் இல்லடா, சம்பந்தம்! நாம ஆசைப்பட்டாப் போதுமா? அங்க இருக்கற அத்தனை காலேஜும் தலையாட்டணும். ரிங்க் எப்படி, பசங்க படிப்பு எப்படி, பஸ்ல போக எவ்ளோ தூரம்னு எல்லாத்தையும் விசாரிப்பான்."

கான்ஃபரன்ஸ்காரர்கள் மூன்று பேர் ரிங்க்கைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "விடுப்பா ஐசலினுக்கு!" அங்கே நம்மூர்க் கடைகளில் கேசரி, மிளகாய் பஜ்ஜி எல்லாம் வாங்கியாயிற்று. ரிங்க்குக்கு வந்ததும் ஆஜானுபாகுவான கோச்சைத் தனியே இழுத்துப்போய், "நோ லாஃபிங், கோச். வீ ஆர் கேர்ள்ஸ் சைட்!" என்றார். பாவம், கோச் அன்று முழுக்கத் தலைகுனிந்தே நின்றார்.

வந்தவர்களில் மூத்தவர் பஜ்ஜியைக் கடித்தார். ஐஸ் ரிங்க்கில் சும்மா நின்றபடியே வியர்த்துக் கொட்டிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகுலுக்கினார். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கோச் துள்ளிக் குதித்தார். அங்கிள் பெஞ்சில் சரிந்துவிட்டார்.

"போச்சு! பஜ்ஜியத் தின்னுட்டு லெட்டர் போடறேன்னவன் எவன் போட்டிருக்கான்? என் தங்கச்சிக்கு வந்தவன்லாம் இதையேதான் சொன்னான்!"

அதற்கப்புறம் ரிங்க் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. ஆனால் அமெரிக்கக்காரன் லெட்டர் போடுகிறேன் என்றால் நிஜமாகவே போட்டுவிடுகிறான். எல்லாக் கல்லூரிகளும் ஒத்துக்கொண்டன, டீமைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கோச் போனில் கத்தினார். அங்கிள் கேட்ட முதல் கேள்வி: "பஜ்ஜியப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?"

கான்ஃபரன்ஸின் முதல் வெளியூர் மேட்ச்சுக்கு டீம் கிளம்பிய அன்று நல்ல பனி. பஸ் கண்ணை விட்டு மறையும்வரை கையாட்டிக்கொண்டே நின்றார். அப்புறம்தான் என் காரில் ஏறினார். வீடு நெருங்கும்போது குல்லாவைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பஸ்ல ஹீட்டர் ஒழுங்கா போடுவானாப்பா?"

"போடுவாங்க அங்கிள்" என்றேன். என் கார் ஹீட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.