நூல் உலகம், இணையப் பதிப்பு

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் அடிக்குறிப்புக்குத்தான். நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று நமக்குத் தெரியாமல் போனதற்குக்கூட, அவர் காலத்தில் அடிக்குறிப்பு இல்லாததே காரணம். அப்படியொரு இழப்பு இனி நேராமல் காக்கும் புனிதப் பணியை ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் தனி ஆளாகச் செய்துவந்தார். மாணவர்கள் அவரை ‘ஆதாரம் சார்’ என்றார்கள். அடிக்குறிப்பில் அடி மாணவருக்கு, குறிப்பு அவருக்கு.

அவரிடம் ஆய்வு செய்ய வந்து சேர்ந்தாள் ஒரு மாணவி. வரிசையில் நிற்கும் மனிதர்களைப் பற்றிய ஆய்வு. மின்கட்டணம் கட்டும் இடம், மருத்துவமனையின் மருந்து கவுண்டர், பாஸ்போர்ட் அலுவலகம் என்று எங்கெல்லாம் வரிசை உண்டோ அங்கெல்லாம் தானும் நின்றாள். கணுக்கால் வீங்கியது, செருப்பு தேய்ந்தது. ஒரு நாள் மருந்து கவுண்டரில் பொறி தட்டியது. நிற்பவர்கள் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால்தான் அதிகம் திரும்பிப் பார்க்கிறார்கள்! ‘முன்னால் ஆள் குறைவதால் அல்ல, பின்னால் ஆள் கூடுவதால்தான் காத்திருப்பவன் ஆறுதல் அடைகிறான்’ என்று எழுதிக்கொண்டாள். சந்தோஷத்தில் தன் முறை வந்ததையே கவனிக்கவில்லை. அடுத்தவர் முந்திக்கொண்டார்.

ஆதாரம் சார் அந்த வரியின்மேல் சிவப்புப் பேனாவை வைத்தார்.

“இதை யார் சொன்னது?”

“நான்தான் சார்.”

“அது தெரியுது. உனக்கு முன்னாடி யார் சொன்னது?”

“யாருமே சொல்லல சார். அதனாலதான் ஆய்வு.”

“யாருமே சொல்லாததை நீ எப்படிம்மா சொல்லலாம்?”

“நேர்ல பாத்தேன் சார்.”

சார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “நீ பாத்தா அது வேடிக்கை. யாரோ பாத்து எழுதினதை நீ பாத்தாத்தான் ஆதாரம். மேற்கோள் கொண்டு வா, இல்லன்னா வரியை எடுத்துடு.”

அந்த வரியை எடுத்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது அட்டையும் நன்றியுரையும்தான். வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் அக்கா தையல்காரி. இணையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் தளம் ஒன்றும் நடத்திவந்தாள். தளத்தின் பெயர் ‘நூல் உலகம்’.

“யாராவது எழுதியிருக்கணும், அவ்வளவுதானே? நான் எழுதிட்டாப் போச்சு” என்றாள் அக்கா, பல்லிடுக்கிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

“அது தப்புக்கா.”

“உன்னோடதை நீ சொன்னா செல்லாது, நான் சொன்னா செல்லுமாம். அது மட்டும் சரியா? போய் முகத்தைக் கழுவு.”

காஜா எடுக்கும் பாடத்துக்கும் ஜிப் மாற்றும் பாடத்துக்கும் நடுவில், அக்கா பெயரில், அன்றைக்கே அந்த வரி ஏறியது.

அதையே அடிக்குறிப்பாகப் போட்டு அவள் ஆய்வேட்டைக் கொடுத்ததும், அதைச் சோதிக்கப் பல்கலைக்கழகத்தின் மேற்கோள் தூய்மைக் குழு முறைப்படி கூடியது.

“அச்சு நூல்னா ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வருஷம், பக்க எண் எல்லாம் இருக்கும். இதுல பக்க எண் எங்கே?” என்றார் மூத்த உறுப்பினர்.

“இது இணையப் பக்கம் சார். எண் கிடையாது” என்றாள் அவள்.

“பக்கத்துக்கே பக்கம் இல்லையா?”

“அதுக்குப் பதிலா தள முகவரியும் நான் பார்த்த தேதியும் போட்டிருக்கேன் சார்.”

முகவரிக்குப் பின் முற்றுப்புள்ளி வைக்கலாமா என்ற ‘அடிப்படைக் கேள்வி’ அப்போது எழுந்தது. வைத்தால் தளம் திறக்காது. வைக்காவிட்டால் வாக்கியம் மூடாது. திறப்பதா மூடுவதா என்று குழு இரண்டாகப் பிளந்து, சாப்பாட்டு வேளையில் ஒன்றானது. அந்தத் தளத்தை ஒருமுறை திறந்து பார்க்கலாமே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெயரின் கம்பீரமே போதுமாக இருந்தது.

“நூல் உலகமா? எனக்கு நல்லாத் தெரியும்” என்று ஆதாரம் சாரே சான்றளித்தார். “அவங்க நூல்ல ஒரு பிசிறு பார்க்க முடியாது.”

பட்டம் கிடைத்தது. மறுவருஷம் ஆதாரம் சாரின் புத்தகம் கெட்டி அட்டையோடு வெளிவந்தது. விழா அரங்கின் ஓரத்தில் நின்று அவள் முதல் அத்தியாயத்தைப் புரட்டினாள். முதல் வரியே அவளுடைய வரி. ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவசரமாகப் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். மற்ற வரிகளுக்கெல்லாம் அடிக்குறிப்புகள் மொய்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வரி மட்டும் அநாதையாக நின்றது. காது சுட்டது. சார் உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராகப் போனாள்.

“சார், இந்த வரி...”

“அருமையா வந்திருக்கில்ல?”

“மேற்கோள் போடலையே சார்.”

“எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு மேற்கோள் வேண்டாம்மா. அது பொது அறிவு.”

“எல்லாருக்கும் எப்படி சார் தெரிஞ்சுது?”

“என்னம்மா இப்படிக் கேக்கிறே? நீதானே எழுதியிருந்தே!”

சுற்றி நின்றவர்கள் சாரின் நகைச்சுவையை மெச்சிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அவள் புத்தகத்தை மூடினாள். அட்டையில் பொன்னெழுத்தில் மின்னிய அவர் பெயர்மேல் விரலை வைத்தாள்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுக்குப் பேர் போட வேண்டாம்னா, இது எதுக்கு சார்?”